மேஸ்திரியைக் காணவில்லை!

"எனக்கு அந்த மேஸ்திரி உயிரோட வேணும் சார். செத்துக் கித்துத் தொலைஞ்சிருந்தா எனக்குப் பிரயோஜனமில்லை."

காணாமல் போனவரை உயிரோடு கேட்கிறவர்கள் வழக்கமாகக் கண்ணைக் கசக்குவார்கள். இந்தத் தையல்காரம்மாவின் கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அவர் பேசப் பேச அதுவும் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் என் ஸ்டூலைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

என் முதலாளி அசையவில்லை. ஆள் ஒல்லி, எதையும் குத்திப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு ஊசி என்று பெயர். துப்பறியும் தொழிலில் ஊசியின் உதவியாளன் நான். என்னை மூட்டை என்பார்கள். ஏன் என்று கேட்பவர்கள் என்னை நேரில் பார்க்காதவர்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது தையல்காரம்மாவின் கூடத்தில். கூடம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத டாய்லெட் கோப்பை ஒன்று விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவர் கால் வைத்துத் தைப்பது டைல்ஸ் பெட்டிகளின் மேல். பின்பக்கம் குளியலறை இருந்திருக்க வேண்டிய இடத்தில் சுவர் பெயர்ந்து, தரை தோண்டி, குழாயின் வாயில் துணி அடைத்து, சண்டை முடிந்த இடம் போல் கிடந்தது.

"என்ன செஞ்சு தர்றதா பேச்சு?" என்றார் ஊசி.

"கதவை அகலமாக்கணும். உள்ளே சக்கர நாற்காலி போகணும். பிடிச்சுக்க ரெண்டு கம்பி. அவ்வளவுதான் சார். பத்தே நாள்னான். முதல் நாளே ஆளுங்களோட வந்து மொத்தத்தையும் இடிச்சுத் தள்ளிட்டான். இடிக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லை. வெள்ளை பேண்ட்டுல ஒரு பொட்டுச் சிமெண்ட் படாம, நின்ன இடத்துல நின்னு கையை நீட்டி நீட்டி வேலை வாங்குவான். அப்புறம் என்னிக்காவது வந்து தலையைக் காட்டுவான். நாலு மாசம் ஓடிப்போச்சு. இப்ப மூணு வாரமா தலையும் இல்லை. போனையும் அணைச்சுப் போட்டுட்டான்."

"நாலு மாசம் எப்படிம்மா பொறுத்தீங்க?" என்றேன். "நானா இருந்தா நாலாம் நாளே வேற ஆளைப் பிடிச்சிருப்பேன்."

"பிடிக்காமலா? நாலு மேஸ்திரி வந்து பார்த்தாங்க. அடுத்தவன் இடிச்ச வேலையில கை வைக்க மாட்டோம்னு போயிட்டாங்க."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். குரலையும் தாழ்த்தினார். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி அவருடைய மாமனார் இருந்தார். பெரிய உடம்பு. வலது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது.

"மாமா தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டார் சார்."

எங்களுக்குப் புரியவில்லை.

"பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குத்தான் தூக்கிட்டுப் போறோம். அங்க நாலு படி. என் வீட்டுக்காரர் லாரியில போனா வாரக்கணக்காகும். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் நாற்காலியோட தூக்குவோம். எங்க இடுப்பு போகுதுன்னு மாமா வாயைக் கட்டிட்டார். தாகமே இல்லைங்கறார். போன மாசம் நாக்கு வறண்டு மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்தினாங்க. வயசானவருக்குத் தண்ணிகூடக் கொடுக்க மாட்டியான்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை அவன்கிட்ட கேட்கணும் சார். எனக்கு வயிறு எரியுது."

எனக்கும் எரிந்தது. தொழிலில் கட்சிக்காரருக்காகக் கோபப்படக் கூடாது என்பது ஊசி எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவரே அப்போது ஜன்னல் பக்கம் பார்க்காமல் டைல்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுக் கொடுத்தா என்ன செய்யறதா இருக்கீங்க?"

"மாமா முன்னாடி நிறுத்தணும். என்ன தண்டனைன்னு மாமா சொல்வார். எதுவா இருந்தாலும் நான் செய்வேன்."

பெரியவர் திரும்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று அடித்துச் சொல்வேன்.

"திரும்பி வருவான்னு எதை வெச்சு நம்பினீங்க?" என்றார் ஊசி.

தையல்காரம்மா பீரோவைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். ரசமட்டம். சுவர் நேராக இருக்கிறதா என்று குமிழியை வைத்துப் பார்ப்பார்களே, அது. "இது என் வலது கை மாதிரிம்மா, இதை விட்டுட்டு எங்க போயிடுவேன்னு சொல்லி வெச்சுட்டுப் போனான்."

ஊசி அதைத் தையல் மேஜைமேல் வைத்தார். இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார், கவிழ்த்தார். குமிழி இருந்த இடத்திலேயே இருந்தது.

"சாய்ச்சாலும் அசைய மாட்டேங்குது. நிரந்தர உத்தியோகம் போலிருக்கு சார்," என்றேன்.

தையல்காரம்மாவின் முகம் சிவந்தது. "நாலு மாசமா இதையா நான் பட்டுத்துணியில சுத்தி வெச்சிருந்தேன்?" மீண்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். நாங்கள் எழுந்துகொண்டோம்.

"அவன் வீட்டுக்கு நான் போயிட்டு வந்துட்டேன் சார். வெளியூர் வேலைக்குப் போயிருக்கார்னு பெண்டாட்டி கதவோரமா நின்னு சொல்றா."

"கதவுக்கு உள்ளே போனா வேற சொல்வாங்க," என்றபடி ஊசி ரசமட்டத்தை அக்குளில் செருகிக்கொண்டார்.

மேஸ்திரியின் வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன். மேஸ்திரியின் மனைவியே பாடிக்கொண்டிருந்தார், அதுவும் சந்தோஷமாக. ஊசி கொடியருகே ஒரு நிமிஷம் நின்று, தொங்கிய பேண்ட் ஒன்றை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் இதை வேலை செஞ்ச இடத்துல மறந்துட்டார்."

அந்த அம்மா ரசமட்டத்தைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். "இதுவா? மறக்கலைங்க. உள்ளே இன்னும் ஒரு சாக்கு இருக்கு, வேணுமா?"

பொய் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறைய, குமிழி நின்றுபோன ரசமட்டங்களும் பிடி உடைந்த கொத்துக் கரண்டிகளும் இருந்தன.

"பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கிட்டு வருவார். வேலை ஒத்துக்கற வீட்டுக்கு ஒண்ணா வெச்சுட்டு வந்துடுவார். அதைப் பார்த்துப் பார்த்து அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களாம். பெருமையா சொல்வார்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே ஊசி சமையல்கட்டுக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். போனவன் வாயைப் பிளந்தேன்.

சமையல் மேடையின் ஒரு முனை அடுக்கிய செங்கல்மேல், மறுமுனை எண்ணெய் டின்மேல் நின்றது. குழாய் கம்பியில் கட்டித் தொங்கியது. ஜன்னலுக்குப் பதில் ஓட்டை, ஓட்டைக்குப் பதில் சாக்குத் துணி.

"எப்ப ஆரம்பிச்சார்?"

"கல்யாணமான புதுசுல. பெரியவன் இப்ப எட்டாவது படிக்கறான்."

அவர் பேசிக்கொண்டே டிபன் கேரியரில் சாப்பாடு கட்டினார். அடுக்கு நான்கும் நிறைந்தது. யாருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான், வேலைக்குப் போவதாகச் சொன்னார். நான்கடுக்கை என்னைப் போன்றவன் சாப்பிட்டால் நம்பலாம். அந்த அம்மா ஒல்லியில் ஊசிக்கு அக்கா போலிருந்தார். அப்போதுதான் தரையைக் கவனித்தேன். மேடைக்கு முன்னால் ஓர் ஆள் நீளத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. நான் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருமுனை வந்ததும் ஊசியின் கையைப் பிடித்தேன்.

"சார், கேஸ் முடிஞ்சுது. புருஷனைக் காணோம்னா எந்தப் பெண்டாட்டி பாட்டுப் பாடுவா? மேஸ்திரி மேடைக்குக் கீழே நிம்மதியா படுத்திருக்கான்."

"அந்தச் சிமெண்ட் மேல எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப்போய் ஒட்டியிருக்கு மூட்டை. பூசி வருஷமாச்சு. மீதித் தரையைப் பூசாம விட்டதுதான் அங்க நடந்த குற்றம். கொடியில என்ன காஞ்சுது?"

"துணி."

"யாரோட துணி?"

"அவனோட வெள்ளை பேண்ட்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். மூன்று வாரமாக ஊரில் இல்லாதவனின் பேண்ட் எப்படிச் சொட்டச் சொட்டக் காயும்?

"அந்த பேண்ட்டுல சிமெண்ட் எங்க இருந்துது?"

"முட்டியில."

"அதைச் சொல்லு! நகம் பட்டதும் உதிருது. நேத்துப் பட்டது. நின்ன இடத்துல நின்னு கையை நீட்டறவன், முட்டி போட்டு வேலை செஞ்சிருக்கான். அவன் ஒளியலை. ஒளிஞ்சிருக்கிறவன் எதுக்கு உடம்பு வளைஞ்சு வேலை செய்யணும்?" ஊசி பல் தெரியச் சிரித்தார். வருஷத்துக்கு ஒருமுறைதான் அது நடக்கும். "அவனை யாரோ வேலை செய்ய வைக்கறாங்க. யாருன்னு அந்தக் கேரியர் சொல்லும்."

கேரியர் அடுத்த நிமிஷமே தெருவில் இறங்கியது. பின்தொடர்வதில் ஊசி கெட்டிக்காரர், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடுவார். எனக்கு ஒரு பஸ்ஸே தேவைப்படும். நல்லவேளையாக அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல், நான்கு தெரு தாண்டி ஒரு வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். நாங்களும் அதன் வழியாக எட்டிப் பார்த்தோம்.

கீழ்த்தளம் பழைய வீடு. அதன்மேல் பூசாத செங்கல்லில் ஒரு மாடி. வெளிச்சுவரை ஒட்டி மாடிப்படி இருந்திருக்க வேண்டும். கீழே இரண்டு படி, மேலே ஒரு படி, நடுவில் வெறும் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. காம்பவுண்டு சுவரோரம் நீளமான ஏணி ஒன்று படுக்கவைத்திருந்தது. அதைச் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

முற்றத்தில், கழுத்தில் விசில் தொங்க ஓர் அம்மா நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதைப் பிறகு சொன்னார்கள். நிற்கிற தோரணையே சொல்லியது. மேஸ்திரியின் மனைவி கேரியரை ஒரு வாளியில் வைத்தார். டீச்சர் விசிலை ஊதிவிட்டுக் கயிற்றை இழுத்தார். உருளை கிறீச்சிட, வாளி மேலே போனது.

மாடியின் ஜன்னல் ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. தாடி, தாடி முழுக்கச் சிமெண்ட். ஊரெல்லாம் தேடுகிற மேஸ்திரி.

வாளியை எடுக்க வந்தவன் எங்களைப் பார்த்துவிட்டான். "ஐயா! யாரா இருந்தாலும் சரி, காப்பாத்துங்க! மூணு வாரமா என்னை அடைச்சு வெச்சிருக்காங்க!"

டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். பயமோ பதற்றமோ இல்லை. "அடைச்சு வெச்சேனா? மேலே கதவே இல்லையே. கதவை மாட்ட வேண்டியவனே அவன்தான். ஏணி என்னோடது, எடுத்து வெச்சிருக்கேன். படியில இறங்கி வரட்டுமே, யார் வேண்டாம்னா? படியை இடிச்சவன் யாருன்னு அவனைக் கேளுங்க."

"மூட்டை, தையல்காரம்மாவுக்குப் போன் போடு," என்றார் ஊசி. பிறகு மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தார். "நீங்க எப்படிம்மா இதுல?"

"டீச்சர் எங்க வீட்டுக்குச் சண்டை போடத்தாங்க வந்தாங்க," என்றார் அவர். "வந்தவங்க எங்க சமையல்கட்டைப் பார்த்ததும் சண்டையை விட்டுட்டாங்க. என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு, நீ எப்படிம்மா இதுல பொங்கறேன்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல என்னை அப்படிக் கேட்டவங்க யாருமில்லை. மறுநாள் நான்தான் இவர்கிட்ட, டீச்சர் மாடியைப் பெரிசாக்கப் போறாங்களாம், போய் அளவெடுங்கன்னு அனுப்பினேன். ஏறினார். ஏணியை எடுத்துட்டோம்." அவர் இடுப்புப் பையைத் தட்டினார். "போன்கூட என்கிட்டதான் இருக்கு. நான்தான் அணைச்சு வெச்சேன்."

கட்டின மனைவியே கவிழ்த்துவிட்டாள் என்பதை மேஸ்திரி மேலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். கோபித்துக்கொள்ளக்கூடிய நிலையில் அவன் இல்லை.

"டீச்சர், நியாயம் உங்க பக்கம் இருக்கு. சட்டம் இல்லை," என்றார் ஊசி. "ஏணியைப் போடுங்க."

"சட்டம் என் படியைக் கட்டித் தருமா? இன்னும் ஜன்னல் பாக்கி. முடிஞ்சதும் தானா ஏணி வரும்."

அதற்குள் தையல்காரம்மா வந்து சேர்ந்தார். மூச்சிரைத்தது. மேலே பார்த்தார். மேஸ்திரியின் முகத்தில் நம்பிக்கை வந்தது.

"அக்கா! நீங்களாவது சொல்லுங்கக்கா. உங்க வேலையைத்தான் நான் முதல்ல முடிச்சுத் தர்றதா இருந்தேன்!"

தையல்காரம்மா கத்தவில்லை. "மேலே பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா."

"யார் கட்டினா?"

அவன் அவசரமாக அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். டீச்சர்தான் பதில் சொன்னார். "அதுவரைக்கும் வெறும் சுவர்தான் இருந்துது. ஏணியை எடுத்த அன்னிக்கே ஆரம்பிச்சான். கோப்பை, குழாய், டைல்ஸ் எல்லாத்தையும் நான் வாளியில ஏத்தினேன். ரெண்டே நாள்ல கட்டி முடிச்சு, கதவுக்குத் துணியும் கட்டிக்கிட்டான்."

கீழே ஓர் அரைச் செங்கல் கிடந்தது. தையல்காரம்மா அதை எடுத்தபோது நான் தடுத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. ஊசியும் திடீரென்று குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"உனக்குன்னா ரெண்டு நாள்," என்றார் தையல்காரம்மா. "எங்க மாமாவுக்கு நாலு மாசம். உனக்கு வேலை தெரியாமலும் இல்லை, முடியாமலும் இல்லை. ரெண்டு நாள் வேலைன்னு தெரிஞ்சே அவரை நாக்கு வறள உட்கார வெச்சே."

மேஸ்திரி ஜன்னலுக்குக் கீழே பதுங்கிவிட்டான். அவர் கல்லைக் கீழே போட்டார். எறிந்து அவன் கை ஒடிந்தால் குளியலறையை யார் கட்டுவது என்ற கணக்கு அந்த ஆத்திரத்திலும் அவருக்கு இருந்தது. டீச்சரிடம் திரும்பி, மாமனாரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் மேலே ஜன்னல் ஓட்டையைப் பார்த்தார். "வரிசையில இப்ப என் முறைதான்," என்றார் மெல்ல.

"நான் கடைசியா வந்துக்கறேன்," என்றார் மேஸ்திரியின் மனைவி. "எனக்குச் செங்கல் மேடை பழகிப்போச்சு. பெரியவர் முதல்ல."

டீச்சர் பூட்டைத் திறந்தார். நாங்கள் ஏணியை நிறுத்தினோம். மேஸ்திரி படபடவென்று இறங்கினான். கால் தரையில் பட்டதுதான் தாமதம், ஆள் மாறிவிட்டான். தலையைக் கோதிக்கொண்டு, "ஒரு வாரம் டைம் கொடுங்க. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு, சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தான்.

ஊசி மேஸ்திரியின் மனைவியிடம் கையை நீட்டினார். போன் வந்தது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டார்.

"தம்பி, உன்னை இங்க யாரும் பிடிச்சு வைக்கலை. கதவு திறந்திருக்கு, தாராளமா போகலாம். நான் இதை ஆன் பண்ணி, வர்ற ஒவ்வொரு போனுக்கும் நீ எந்தத் தெருவுல நடந்து போறேன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருப்பேன். எத்தனை வீட்டுல ரசமட்டம் வெச்சிருக்கே?"

மேஸ்திரி போனைப் பார்த்தான். திறந்த கதவைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"வேண்டாம் சார்."

"அப்ப நட, இந்த அம்மா வீட்டுக்கு."

தையல்காரம்மா வீட்டுக்குள் அவனை நடுவில் விட்டு நாங்கள் நுழைந்தபோது, பெரியவர் ஜன்னலிலிருந்து நாற்காலியைத் திருப்பினார். இடது கை ஒன்றாலேயே திருப்ப வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. உதவிக்குப் போன மருமகளைத் தலையசைத்து நிறுத்திவிட்டார். மேஸ்திரி கைகூப்பினான்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. வேலை நெருக்கடி..."

பெரியவர் இடது கையைத் தூக்கினார். அவன் பேச்சு நின்றது. தையல்காரம்மா கத்தரிக்கோல் இருந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டார். மாமா எது சொன்னாலும் செய்வதாகச் சொன்னவர், செய்யக்கூடியவர்.

"எத்தனை நாள்ல முடிப்பே?" பெரியவருக்கு வார்த்தைகள் மெதுவாக வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது.

"நாலு நாள் ஐயா... இல்லை, மூணு. மூணே நாள்."

"அதுவரைக்கும் என்னை யார் தூக்கறது?"

பக்கத்து வீட்டின் நாலு படிகள் ஜன்னல் வழியாகத் தெரிந்தன. பெரியவரின் விரல் நீண்டு மேஸ்திரியின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"நானா?" என்றான் அவன். அந்தப் பெரிய உடம்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"நீதான். நாற்காலி வேண்டாம். கையில தூக்கணும்."

அப்புறம் அவர் மருமகளைப் பார்த்தார். "அம்மா, தண்ணி கொண்டா."

தையல்காரம்மா கத்தரிக்கோலை விட்டு நகர்ந்தார். பிறகு ஓடினார். டம்ளர் நிறையக் கொண்டுவந்தார். பெரியவர் மேஸ்திரியிடமிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

"இன்னொண்ணு."

இந்த முறை தையல்காரம்மா குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊற்ற ஊற்ற அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெரியவர் குடித்தார். மறுபடியும் நீட்டினார், மறுபடியும் குடித்தார். மேஸ்திரியின் கண் ஒவ்வொரு டம்ளருக்கும் ஜன்னல் வழியாக அந்த நாலு படிகளுக்குப் போய் வந்தது.

போதும் என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இடது கையை மேஸ்திரியின் கழுத்தைச் சுற்றிப் போட வசதியாக விரித்துக் காட்டினார்.

"தூக்கு," என்றார்.